எண்ணெய் மேல் பழி போடாதீர்கள்

கல்யாணப் பெண்ணின் அம்மாக்கள் என்னிடம் முதலில் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, "எம்பொண்ணுக்கு மூஞ்சில எண்ணெ வடியும்மா, வடியாம பாத்துக்க." அடுத்தது குரலைத் தாழ்த்தி வரும்: "கொஞ்சம் கலரா எடுத்துக் குடு. மாப்பிள்ளை வீட்ல எல்லாம் செவத்த ஆளுக." மதுரையில் மணப்பெண் அலங்காரத் தொழில் செய்கிறவள் நான். இந்த இரண்டு கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அந்த அம்மாக்களுக்கு எடுத்துச் சொல்வதிலேயே என் பாதி நேரம் போகிறது. மீதி நேரத்தில்தான் மேக்கப்.

எண்ணெய் வடிகிற முகத்தில் எந்த ஃபவுண்டேஷனும் காலையில் போட்டது போட்டபடி மாலைவரை நிற்காது. பாட்டில் 300 ரூபாய் ஆனாலும் 5,000 ரூபாய் ஆனாலும் கொஞ்சம் கலையத்தான் செய்யும். முதலில் மூக்கின் இரண்டு ஓரம், பிறகு நெற்றியின் நடு, பிறகு மோவாய். கலைகிறபோது அடியில் என்ன தெரிகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். பூச்சு அவள் நிறத்திலேயே இருந்தால், கலைந்த இடத்தில் அதே நிறத் தோல் தெரியும். எதிரில் நிற்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது. இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டிருந்தால் கலைந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக எழும்பும். மூக்கு ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து மூன்றாவது நிறம். உடனே "எண்ணெ வடிஞ்சு மேக்கப்பே கெட்டுப்போச்சு" என்பார்கள். கெட்டது பாட்டிலைத் தேர்ந்தெடுத்தபோதே. எண்ணெய் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

எண்ணெய்ச் சருமத்துக்கு என்ன ஃபவுண்டேஷன் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: சொந்த நிறத்தில் இருப்பது நல்லது. மேட், ஆயில் ஃப்ரீ, லாங் லாஸ்டிங் எல்லாம் அதற்குப் பிறகு.

முகத்து எண்ணெயை ஏதோ வியாதி மாதிரிப் பேசுகிறோம். தோலுக்குள் முடி முளைக்கிற குழிகளை ஒட்டிச் சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரப்பது சீபம் என்ற கொழுப்பு. நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றிலும் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே கிடையாது. வயசுக்கு வருகிற காலத்தில் ஹார்மோன் தூண்டிவிட வேலையை ஆரம்பித்து, கல்யாண வயதில் முழு வேகத்தில் ஓடி, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஓய்ந்துபோகும். "எனக்கெல்லாம் இப்படி இல்லையே, இவளுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு" என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்களிடம் அவர்களுடைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் நெற்றி பளபளவென்று மின்னும். அப்போது அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. களையாக இருக்கிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வெயில் ஏறினால் எண்ணெயும் ஏறும். நம் ஊரில் முகூர்த்தம் குவிவதோ சித்திரையிலும் வைகாசியிலும். கூடவே வியர்வை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தப்பான சாமானை வாங்குகிறார்கள். வியர்வை வேறு சுரப்பியிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர். மதுரை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் காயாமல் கோடு கோடாக இறங்கும். முகத்து எண்ணெய் எந்த ஊரிலும் காயாது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறதே, எண்ணெய்க்கும் நிற்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அது தண்ணீருக்கு மட்டும்தான் பொறுப்பு. தண்ணீரை விரட்ட அதில் சேர்த்திருக்கும் மெழுகும் எண்ணெயும், நம் முகத்து எண்ணெய் பட்டால் இளகிக் கொடுத்துவிடும். அழுதாலும் நிற்கிற மேக்கப் நெற்றிப் பளபளப்புக்குத் தோற்பது இதனால்தான்.

பாட்டிலுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் நாலே பொடி. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். பெட்டியின் பின்னால் சிஐ 77891, 77492, 77491, 77499 என்ற எண்களாக இருக்கும். இரும்பு ஆக்சைடு என்றால் பயப்பட வேண்டாம். செம்மண்ணுக்குச் சிவப்பும் காவிக் கல்லுக்குக் காவியும் கொடுப்பது அதே சரக்குதான்; இங்கே தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரித்துச் சேர்க்கிறார்கள். உலகத்தில் உள்ள அத்தனை தோல் நிறத்தையும் இந்த நாலின் அளவைக் கூட்டிக் குறைத்தே கொண்டுவருகிறார்கள். வெளுப்பான ஷேடு என்றால் வெள்ளைப் பொடி அதிகம் என்று அர்த்தம். மாநிறத்தின் மேல், கறுப்பின் மேல் அந்த வெள்ளை ஏறும்போது வருவது சிவப்பு நிறம் இல்லை, சாம்பல். விபூதியை முகம் முழுக்க லேசாகத் தடவிவிட்ட மாதிரி. வீடியோ லைட்டில் இன்னும் மோசம்.

அடுத்து, எண்ணெய்ச் சருமக்காரர்கள் எல்லோரும் சொல்லும் புகார்: கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் கறுத்துவிட்டது. எங்கள் தொழிலில் இதை 'ஆக்சிடைஸ் ஆயிடுச்சு' என்போம். ஆனால் இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள். நடப்பதில் பெரும்பங்கு இதுதான்: ஃபவுண்டேஷனில் உள்ள லேசான சிலிக்கோனும் தண்ணீரும் சற்று நேரத்தில் ஆவியாகிவிடும், மிச்சமிருக்கும் நிறப்பொடியை முகத்து எண்ணெய் நனைக்கும். நனைந்த மண் காய்ந்த மண்ணைவிடக் கறுப்பாகத் தெரிகிறதல்லவா? இங்கேயும் அதுவேதான். ஆகவே பூசிய நிமிடத்தில் கண்ணாடியில் தெரிகிற நிறத்தை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

கடைக்குப் போகும்போது முகத்தில் ஒன்றும் போடாமல் போங்கள். கை மணிக்கட்டில் தடவிப் பார்க்கிற பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. அங்கே தோல் முகத்தைவிட வெளுப்பு, எண்ணெயும் குறைவு. தாடை எலும்பு ஓரத்தில், கன்னத்தில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் இறங்குகிற மாதிரி பக்கத்துப் பக்கத்து ஷேடு மூன்றைக் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். டெஸ்டர் பாட்டிலை நேரே முகத்தில் வைக்க விடாதீர்கள், ஊரே தொட்டது. புதுப் பஞ்சில் எடுத்துத் தடவச் சொல்லுங்கள். பிறகு கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கடைக்காரப் பெண் "மேடம், இங்கேயே பாருங்க" என்பாள். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லா ஷேடும் அழகுதான். விளக்குத்தூண் பக்கம் போய் உள்பாவாடைத் துணியோ ஊசி நூலோ வாங்கிக்கொண்டு, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் செல்போன் கேமராவில் பாருங்கள். மூன்றில் எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

கடைக்காரப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. "இது போட்டா பிரைட்டா இருப்பீங்க" என்று ஒரு ஷேடு தூக்கலாகக் காட்ட அவளுக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்கள். சின்ன ஊர் ஃபேன்சி ஸ்டோரில் அவளிடம் இருப்பதே ஐவரி, நேச்சுரல், பீஜ் என்று மூன்று டப்பா. மூன்றும் என் வாடிக்கையாளரில் பெரும்பாலோருக்குச் சேராது. அந்த நிலைமையில் நான் சொல்வது: உங்கள் நிறத்தைவிட அரை ஷேடு கூடுதலாகக் கறுப்பாக இருந்தாலும் எடுங்கள், வெளுப்பை எடுக்காதீர்கள். லேசாகக் கறுத்த பூச்சு வெயிலில் அலைந்த முகம் மாதிரி இருக்கும், இயல்பாகவே தெரியும். வெளுத்ததை எதுவும் காப்பாற்றாது. முடிந்தால் பக்கத்து ஷேடு இரண்டு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். எங்களிடம் கலக்காமல் நேரே பாட்டிலிலிருந்து போகிற பேஸ், அதாவது ஃபவுண்டேஷன், மிகக் குறைவு. நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றியுள்ள இடமும் கன்னத்தைவிடக் கறுப்பு. ஒரே ஷேடு முகம் முழுக்கச் சேராது.

ஷேடைப் போலவே அடிநிறம் என்று ஒன்று உண்டு. நம் தோலில் பெரும்பாலும் மஞ்சளோ, லேசான பச்சை கலந்த மஞ்சளோ ஓடும். ரோஸ் கலந்த ஃபவுண்டேஷனைப் போட்டால் ஷேடு சரியாக இருந்தாலும் முகம் மட்டும் தனியாகக் கழற்றி மாட்டியது மாதிரி நிற்கும். இரண்டும் பொருந்தியதற்குப் பிறகுதான் பாட்டிலில் எழுதியிருக்கிற மற்ற வார்த்தைகளை வாசிக்க வேண்டும். எண்ணெய்ச் சருமத்துக்கு எடை குறைந்த, தண்ணியான ஃபவுண்டேஷன் பொருத்தம். உட்பொருள் பட்டியலில் டைமெத்திகோன், சிலிக்கா, கயோலின் மாதிரிப் பெயர்கள் இருந்தால் பளபளப்பைக் கொஞ்சம் அடக்கும். ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய், 'டியூவி', 'கிளோ' என்று இருப்பது வறண்ட சருமக்காரர்களுக்கு. நமக்குக் கடவுள் அந்த கிளோவை இலவசமாகவே கொடுத்திருக்கிறார்.

'நான்-காமிடோஜெனிக்' என்ற சொல்லை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். பரு வராது என்ற உத்தரவாதம் மாதிரி அச்சடித்திருப்பார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பரிசோதனை அதற்குப் பின்னால் கிடையாது. அழகுசாதனத்தால் வருகிற பருவை அமெரிக்கத் தோல் ஆராய்ச்சியாளர்கள் கிளிக்மனும் மில்ஸும் 1972இலேயே தனி வகையாக எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்துப் பரிசோதனை முயலின் காதில் தடவிப் பார்ப்பது. முயல் காது வேறு, நம் கன்னம் வேறு. புதுப் பாட்டிலைத் தாடை ஓரத்தில் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பது அதைவிட மேல். எதைப் போட்டாலும் பரு வெடிக்கிறவர்கள் என்னிடம் வராதீர்கள், தோல் டாக்டரிடம் போங்கள்.

அதேபோல ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் இருக்கிறதே, சன்ஸ்கிரீன் வேண்டாம் என்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளந்த எண் அது. அவ்வளவு ஃபவுண்டேஷனை முகத்தில் பூசினால் தெருக்கூத்துக்குத்தான் போகலாம். சன்ஸ்கிரீன் தனியாக, முதலில், ஜெல் வகையில்.

கொஞ்சம் பழைய கதை. முகத்துப் பளபளப்புக்கும் ஃபவுண்டேஷனுக்கும் உள்ள சண்டையில் பிறந்ததுதான் இன்று நாம் போடும் பேஸ். நாடகக்காரர்களும் ஆரம்ப கால சினிமாக்காரர்களும் பூசியது கிரீஸ்பெயின்ட். பெயரே சொல்கிறது, கொழுப்பில் குழைத்த சாயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சமாளித்தது. டெக்னிகலர் வந்ததும் அந்தப் பளபளப்பு பக்கத்தில் இருக்கிற உடையின் நிறத்தையெல்லாம் முகத்தில் வாங்கிக் காட்டியது. அதற்காக ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம், டால்க்கை அடிப்படையாக வைத்து, ஈரப் பஞ்சில் தொட்டுப் பூசுகிற ஒரு வில்லையைச் செய்தது. பான்கேக். 1937இல் வெளிவந்த 'வோக்ஸ் ஆஃப் 1938' படத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். அடுத்து கடைக்கே வந்துவிட்டது. நம் ஜெமினி ஸ்டுடியோவில் அந்தப் பான்கேக் எவ்வளவு செலவானது என்பதை, அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ ஆங்கிலப் பாடமாக சிபிஎஸ்இ பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். மேக்கப் அறையின் பல்புகள் எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சுவதைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் கல்யாண மண்டப அறைகள் இன்னும் அதே நிலைமைதான். ஈரப் பஞ்சில் மெல்லிசாகப் பூசு, பளபளப்பைப் பொடியால் அடக்கு என்ற அந்தப் பழைய சூத்திரத்தைத் தாண்டிப் பெரிதாக யாரும் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

மெல்லிசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறைய எண்ணெய், ஆகவே நிறைய பேஸ் என்று கெட்டியாக அப்புவது தொழிலில் இருக்கிறவர்களே செய்கிற காரியம். கெட்டியாகப் போட்டது எண்ணெய் வந்ததும் வழுக்கி நகரும். சிரிப்புக் கோட்டில் போய்ச் சேரும். மூக்குத்தியைச் சுற்றி வளையமாகக் கட்டும். மெல்லிசானது தோலோடு ஒட்டியிருப்பதால் நகர இடமில்லை.

நான் செய்வது இப்படி. முகத்தைச் சாதாரண ஃபேஸ்வாஷில் ஒருமுறை கழுவச் சொல்வேன். மூன்று முறை சோப்புப் போட்டுக் கரகரவென்று தேய்த்துவிட்டு வருகிற பெண்களும் உண்டு. அப்படி வந்தால் மேலே எண்ணெய், நடுவில் தோல் உரிந்த பொருக்கு. அந்தப் பொருக்கில் ஃபவுண்டேஷன் போய் ஒட்டிக்கொண்டால் அதை எந்தப் பஞ்சாலும் சரிசெய்ய முடியாது. எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும். ஜெல் வகையில் கொஞ்சம். அது உள்ளே இறங்க நேரம் கொடுக்க வேண்டும். நாங்கள் தலைமுடியைப் பிரித்துச் சவுரி வைத்துக் கட்டுவது இந்த நேரத்தில்தான். பிரைமரை மூக்கு, நெற்றி, மோவாய்க்கு மட்டும் போடுவேன். பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒரே இனமாக இருக்க வேண்டும். தண்ணீர் வகை பிரைமருக்கு மேல் சிலிக்கோன் ஃபவுண்டேஷன் போட்டால் அழிரப்பர் துகள் மாதிரித் திரிதிரியாக உருண்டு வரும்.

மங்கு, பருத்தழும்பு, வாயோரக் கறுப்பு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிற கரெக்டரை விரல் நுனியால் தொட்டு வைப்பேன். இது இல்லாமல் மேலே நேரே கன்சீலர் போட்டால் சாம்பல் பூக்கும். பிறகு ஃபவுண்டேஷன். கன்னத்துக்கு ஒரு மிளகு அளவு, அந்தப் பக்கக் கன்னத்துக்கு ஒரு மிளகு, மோவாய்க்கு அதில் பாதி. நெற்றிக்கும் மூக்குக்கும் தனியாக எடுக்கவே மாட்டேன். பஞ்சில் மிச்சம் இருப்பதே போதும். எண்ணெய் அதிகம் வருகிற இடத்தில் பூச்சு குறைவாக இருந்தால் கலைவதற்கும் குறைவாகத்தான் இருக்கும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, துணியில் சுருட்டிச் சொட்டுக்கூட வராமல் பிழிந்துவிட்டு, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது. போதவில்லையென்றால் போதாத இடத்தில் மட்டும் இன்னொரு ஒற்று.

இரண்டு நிமிடம் சும்மா விட வேண்டும். பெண்ணுக்கு ஒரு வாய் காபி கொடுக்கலாம், ஸ்ட்ரா வைத்து. பிறகு லூஸ் பவுடரைப் பஃப்பில் எடுத்து, உள்ளங்கையில் மடக்கித் தேய்த்துவிட்டு, நெற்றி நடுவிலும் மூக்கோரத்திலும் அமுக்கி எடுப்பேன். கன்னத்தில் பவுடர் அள்ளிக் குவிப்பது இல்லை. வெள்ளை வெளேரென்ற சிலிக்கா பவுடர் கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளாஷ் அடித்ததும் போட்டோவில் மாவு அப்பியது மாதிரி வெளுத்து நிற்கும். அதனால் போட்டோகிராபர் தம்பியைக் கூப்பிட்டு ஒரு ஃப்ளாஷ் அடித்துப் பார்த்த பிறகே பெண்ணை வெளியே அனுப்புவேன். நாம் எல்லோரும் குட்டிகுராவும் பாண்ட்ஸும் போட்டு வளர்ந்தவர்கள்தான். முகம் கழுவித் துடைத்து ஈரம் காய்வதற்குள் டால்கம் பவுடரைக் கையில் கொட்டிப் பூசுகிற அந்தப் பழக்கம் ஃபவுண்டேஷன் மேல் வேண்டாம். திட்டு அங்கே தொடங்குகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் 'ட்ரையல்' பார்க்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ட்ரையலில் சரியாக இருந்த ஷேடு கல்யாணத்தன்று சேராமல் போகலாம், காரணம் நலுங்கு. அத்தைமாரும் சித்திமாரும் ஆளுக்கு ஒரு கை மஞ்சளும் சந்தனமும் பூசிய முகத்தில் மறுநாள் விடிகாலை வரைக்கும் மஞ்சள் ஏறியிருக்கும். ரோஸ் கலந்த பேஸை அதன் மேல் போட்டால் ஒரு விநோத நிறம் வரும். சில வீட்டில் நல்லெண்ணெயும் தடவி உட்கார வைத்திருப்பார்கள். காது ஓரம், புருவத்து ஓரமெல்லாம் அப்படியே பிசுபிசுவென்று இருக்கும். சடங்கை விடச் சொல்ல நான் யார்? மஞ்சளைக் கன்னத்தில் லேசாகத் தொட்டுவைத்து மிச்சத்தைக் கையிலும் காலிலும் தாராளமாகப் பூசுங்கள் என்று அத்தைகளிடம் கேட்டுக்கொள்வேன். சிலர் கேட்பார்கள்.

மேடைக்குப் போன பிறகு ஓமப் புகை, கண்ணீர், கூட்டம், கழுத்து நிறைய மாலை. தாலி கட்டி முடிப்பதற்குள் மூக்கு மின்னத் தொடங்கிவிடும். அப்போது பெண்ணின் தங்கச்சி ஓடிவந்து காம்பாக்ட் பவுடரை நேரே மேலே அப்புவாள். எண்ணெய் மேல் பவுடர் விழுந்தால் பசையாகிவிடும். முதலில் டிஷ்யூ பேப்பரின் ஒரு தாளை மட்டும் பிரித்து எடுத்து மூக்கிலும் நெற்றியிலும் வைத்து அமுக்கி எண்ணெயை எடுக்க வேண்டும், பிறகு துளி பவுடர். தங்கச்சியின் கைப்பையில் நான் டிஷ்யூவை மட்டும் போட்டு அனுப்புவேன். பவுடர் என்னிடமே இருக்கும்.

மாப்பிள்ளைமார்களும் இப்போது வெட்கத்தோடு வந்து உட்காருகிறார்கள். ஆண்களுக்கு எண்ணெய் இன்னும் அதிகம். அவர்களுக்கு நான் ஃபவுண்டேஷனே போடுவதில்லை. முகம் கழுவி, டிஷ்யூ ஒற்றி, கண்ணுக்கடியில் துளி கன்சீலர். யாரும் அவர்களைக் கலராகக் காட்டச் சொல்லி என்னிடம் கேட்டதில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சிவப்பழகு க்ரீம் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'கிளோ' வந்தது. டப்பாவில் மாறிய பெயர் நம் வீட்டுக் கூடத்தில் மாறவில்லை. 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே நாளில் 40 ஷேடுகளோடு கடைக்கு வந்தபோது, கறுத்த ஷேடுகளும் விற்கும் என்று மற்ற கம்பெனிகளுக்கும் உறைத்தது. இன்று மதுரையிலேயே தேடினால் நம் நிறத்துக்கு நல்ல ஷேடு கிடைக்கிறது; ஆன்லைனில் இன்னும் கிடைக்கிறது. என் பெட்டியில் அவை எல்லாமே இருக்கின்றன. அவற்றைத் திறக்க விடாமல் கையைப் பிடிப்பது பெரும்பாலும் பெண்ணின் வீட்டார்தான். "எச்டி மேக்கப்னு காசு வாங்கிட்டு, பொண்ணு அப்படியே இருக்காளே" என்று ஒரு பெரியம்மா ஒருமுறை சண்டைக்கு வந்தார். அவள் அப்படியே இருப்பதற்குத்தான் அவ்வளவு உழைப்பு என்று சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. பெண்ணுக்குத் திருப்தி. என் கணக்கில் அது போதும்.

என் தொழில்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெளுப்பாகப் போட்டால் 'முன்–பின்' போட்டோவில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்து அடுத்த வாடிக்கையாளர் வருவார். அந்தப் போட்டோ மேக்கப் முடிந்த நிமிடத்தில், வட்ட விளக்கின் முன்னால் எடுத்தது. பந்தி முடிந்து கைகழுவி வரும்போது எடுத்த போட்டோவை யாரும் போடுவதில்லை. மேக்கப் ஆர்ட்டிஸ்டை முடிவு செய்யப் போகிறவர்கள் அந்த இரண்டாவது போட்டோவைக் கேளுங்கள். கூடவே, பஞ்சைப் பெண்ணுக்குப் பெண் மாற்றுகிறார்களா, கழுவிக் காயவைத்ததா என்றும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

மண்டபக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மணமகள் அறை என்று நீங்கள் ஒதுக்குவது பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத, சாமான் போட்டுவைக்கிற அறை. மஞ்சள் பல்பு ஒன்று. முகத்துக்கு நேரே காற்று வராத மூலையில் மின்விசிறி. அந்த வெளிச்சத்தில் சரியான ஷேடு எடுப்பது குருட்டாம்போக்கு வேலை, அந்தப் புழுக்கத்தில் பேஸ் போடுவது ஓடுகிற தண்ணீரில் கோலம். விடிகாலை முகூர்த்தத்துக்கு நாங்கள் ராத்திரி மூன்று மணிக்கே வந்து உட்காருகிறோம், ஆகவே ஜன்னல் வைத்தாலும் பிரயோஜனமில்லை. கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் முக உயரத்துக்கு வெள்ளை எல்இடி பட்டை விளக்கு வேண்டும். பகல் வெளிச்சத்துக்குச் சமமான 5,000 முதல் 6,500 கெல்வின், நிறத்தை நிறமாகக் காட்டுகிற சிஆர்ஐ எண் 90க்கு மேல். எலக்ட்ரிகல் கடையில் அட்டையிலேயே எழுதியிருக்கும். ஒரு ஏசி, இல்லாவிட்டால் ஓரளவு பெரிய மின்விசிறி. வாடகை ரசீதில் ஜெனரேட்டருக்கு, கேஸுக்கு, குப்பை அள்ள, பாத்திரம் கழுவ என்று தனித்தனியாகப் போடத்தானே செய்கிறீர்கள்? இதற்கும் ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள், பெண் வீட்டார் கொடுத்துவிடுவார்கள்.